அட்டையோடு சேர்த்து பின் அடித்திருந்தால் வாங்காதீர்கள்

போன வியாழக்கிழமை இரவு, பழைய புத்தகங்கள் விற்கிற ஒரு குழுவில் அந்தத் தகரப் பெட்டியை மறுபடியும் பார்த்தேன். பச்சை பெயின்ட், மூடி ஓரத்தில் துரு, உள்ளே மூன்று ஒல்லிப் புத்தகங்களை விசிறி மாதிரி விரித்து வைத்திருப்பார்கள். ஏழு மாதத்துக்கு முன்பு எனக்கு வந்த அதே போட்டோ. அப்போது அது வளைகுடாவில் வேலை பார்த்த அப்பாவின் பெட்டி. இப்போது சிங்கப்பூரில் இருந்த தாய்மாமாவின் பெட்டியாம். போலி ஆட்டப் புத்தகங்களை அசல் என்று நம்பி வாங்கி ஏமாந்தது வெட்கக்கேடு என்று இதுவரை வாயைத் திறக்காமல் இருந்தேன். இனி சொல்லாமல் இருந்தால் அடுத்த ஆளின் பணத்துக்கு நானும் ஒரு காரணம் ஆகிவிடுவேன்.

எனக்குப் பாளையங்கோட்டை, பெருமாள்புரம். ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதையையும் உலகத்தையும் கையில் வைத்திருப்பார், அவர் டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி, பகடை உருட்டி உள்ளே போவார்கள். கதையை டி.எம். சொந்தமாகவும் கட்டலாம், அச்சில் வந்த சாகசங்களை வாங்கியும் நடத்தலாம். அந்த அச்சுச் சாகசத்துக்குத்தான் மாட்யூல் என்று பெயர். 1970களின் கடைசியிலும் 80களிலும் டி.எஸ்.ஆர். என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட மாட்யூல்கள் மீது எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. 1997இல் அந்த நிறுவனம் கைமாறிப் போய்விட்டது. நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஆனாலும் பழையதை எண் மாற்றி நடத்துவதில் ஒரு ருசி இருக்கிறது. ஒரு ஆளை அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்கிற எண்ணுக்கு ஆர்மர் கிளாஸ் என்று பெயர். பழைய கணக்கில் அது குறையக் குறைய ஆள் கெட்டி. அதை 20இலிருந்து கழித்தால் இன்றைய கணக்கு ஏறத்தாழ வந்துவிடும். மிச்சமெல்லாம் அனுபவத்தில் ஒப்பேற்றிக்கொள்ளலாம்.

அந்தப் பெட்டியில் இருந்த மூன்றும் சாதாரணப் பேர்கள் இல்லை. கேரி கைகாக்ஸ் எழுதிய பி2, ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’, 1979. டேவிட் குக்கும் டாம் மோல்ட்வேயும் எழுதிய எக்ஸ்1, ‘தி ஐல் ஆஃப் டிரெட்’, 1981. மூன்றாவது, டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் சேர்ந்து எழுதிய ஐ6, ‘ரேவன்லாஃப்ட்’, 1983. மூன்றும் சேர்த்து பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய். வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தாலே தபால் செலவில் மூச்சு முட்டும் என்பது தெரிந்தவனுக்கு அந்த விலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விற்றவர் போனில் பேசியதுதான் என்னை முழுசாகச் சாய்த்தது. “அண்ணாச்சி, எனக்கு அம்பாசமுத்ரம் பக்கம்தான். பெங்களூர்ல கெடந்து சாவுதேன். அப்பா தவறிட்டாவ. இத வெளியூர்க்காரன்ட்ட குடுக்க மனசு வரல. நம்ம ஊர்க்காரவுகன்னா ஒரு வெல சொல்லுதேன்.” அப்பா 1984இல் துபாயில் ஒரு ஆங்கிலேய மேலாளரிடமிருந்து இவற்றை வாங்கினாராம். படிக்கத் தெரியாமல் படம் மட்டும் பார்ப்பாராம். ஒன்பது வருடமாக வாரா வாரம் பொய்க் கதாபாத்திரங்களுக்குப் பின்கதை எழுதுகிறவன் நான். இவ்வளவு நல்ல பின்கதை கேட்டும் சந்தேகப்படாமல் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன்.

உள் பக்கப் போட்டோ கேட்டேன். “பெட்டி ஊர்ல இருக்கு அண்ணாச்சி, தங்கச்சிதான் எடுத்து அனுப்பணும்” என்றார். முன் அட்டைகள் மூன்றும் வந்தன. அப்புறம் நான் வற்புறுத்தவில்லை. வேறு யாரும் கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். யூ.பி.ஐ.யில் பணம் போனது. ஆறாம் நாள் கூரியர் வந்தது.

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பார்சலைப் பிரித்தேன், மணந்து பார்த்தேன் (பழைய வாசனை இல்லை என்பதை மூக்கு சொன்னது, மனசு கேட்கவில்லை), மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் நிறுத்தினேன். படிக்கவில்லை. சேகரிக்கிற புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது. முதுகு தெரிந்தால் போதும்.

மூன்று மாதம் கழித்து ரேவன்லாஃப்டை நடத்தலாம் என்று எடுத்தேன். ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரியின் கோட்டைக்குள் நடக்கிற கதை அது. இதே கோட்டையை வைத்து 2016இல் ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்று 256 பக்கப் பெரிய புத்தகம் வந்தது. அது என்னிடம் கிடையாது, நண்பர் ஒருவர் நடத்தியபோது ஆட்டக்காரனாக ஆடியிருக்கிறேன். அதே ஸ்ட்ராட், அதே கோட்டை, தெரியாததா என்ற தெம்பில் கிராமத்துப் பகுதியை மட்டும் ஒழுங்காகப் படித்துத் தயாரித்தேன். கோட்டையைப் புரட்டிப் பார்த்ததோடு சரி.

ரேவன்லாஃப்டின் அழகே இரண்டு விஷயத்தில்தான். ஒன்று, தொடக்கத்தில் குறி சொல்லும் கிழவி சீட்டுப் போடுவாள். சாதாரணச் சீட்டுக்கட்டுதான். விழுகிற சீட்டைப் பொறுத்து, ரத்தக்காட்டேரியைக் கொல்ல உதவும் வாள் கோட்டையில் எந்த அறையில் இருக்கிறது என்பது மாறும். ஒரே மாட்யூலை இரண்டு முறை நடத்தினாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது. இன்னொன்று, டேவிட் சதர்லேண்ட் வரைந்த கோட்டை வரைபடம். நேர் மேலிருந்து பார்க்கிற மாதிரி இல்லாமல் சாய்கோணத்தில், மாடி மேல் மாடியாக, படிக்கட்டு எந்தத் தளத்திலிருந்து எங்கே ஏறுகிறது என்று கண்ணுக்கே தெரிகிற மாதிரி வரைந்திருப்பார். அறைகளுக்கெல்லாம் கே என்ற எழுத்தும் எண்ணும். வரைபடம் இல்லாமல் இந்தக் கோட்டையை நடத்துவதும், திசை தெரியாமல் நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் இருட்டில் விட்ட பிள்ளை மாதிரி நிற்பதும் ஒன்றுதான்.

மூன்றாவது ஞாயிறு, கோட்டைக்குள் நுழைந்தாயிற்று. ஐந்து பேர். மேலப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அக்காதான் எங்கள் குழுவின் மதகுரு. அவருடைய கதாபாத்திரம் படிக்கட்டின் அடியில் நின்று, “தம்பி, இது எங்கன போய் ஏறுது?” என்று கேட்டது. வரைபடத்தைப் பார்க்கிறேன். ஏ4 அளவுக்குச் சுருங்கி, கோபுரத்தின் இடது பாதி தாளுக்கு வெளியே போயிருக்கிறது. எண்கள் எறும்பு ஊர்ந்த தடம். சமாளித்து ஒரு அறையில் கொண்டுபோய் விட்டேன். அடுத்தது வாள். சீட்டு சொன்ன அறை எண்ணைத் தேடுகிறேன், இல்லை. ஒரு அறையின் வர்ணனை பாதி வாக்கியத்தில் நின்று, அடுத்த பக்கம் சம்பந்தமே இல்லாத வேறொரு அறையின் நடுவில் தொடங்குகிறது. பக்க எண்ணைப் பார்க்கலாம் என்றால், எந்தப் பக்கத்திலும் பக்க எண்ணே இல்லை.

அப்போதுதான் என் சித்தி மகன் கை நீட்டினான். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் இருக்கிறான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆட்டத்துக்கு வருவான். புத்தகத்தை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

“யண்ணே, இது ஆஃப்செட்டே கெடையாது. யாரு ஒங்களுக்கு இத வித்தா?”

பிறகு நடந்தது ஒரு பிரேதப் பரிசோதனை. சாய்த்துப் பிடித்தால் கறுப்பு எழுத்து மட்டும் பளபளக்கிறது. அது தாளுக்குள் இறங்கிய மை இல்லை, மேலே உருகி ஒட்டிய லேசர் டோனர். மடிப்பில் நகத்தை ஓட்டினான், நிறம் செதிலாக உதிர்ந்து வெள்ளைக்கோடு தெரிந்தது. ஸ்டேப்ளர் பின் இரண்டும் புத்தம்புதுசாக மின்னின. நாற்பது வருடம் கடந்த பின் இந்த ஊர்க் காற்றில் அப்படி இருக்காது. அதைவிட முக்கியம், அட்டையையும் உள் பக்கங்களையும் சேர்த்து பின் அடித்திருந்தார்கள். அந்தக் காலத்து மாட்யூல்களில் அட்டை தனி. கழற்றி விரித்தால் உட்பக்கத்தில் வரைபடம். டி.எம். அதையே தட்டி மாதிரி முன்னால் நிறுத்திக்கொள்வார். இதை நூறு தடவை படித்திருக்கிறேன். கையில் இருந்ததைப் பார்க்கும்போது ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

“கீழ மட்டும் ஏன் இம்புட்டு கட்டிங்?” என்று கேட்டான். உண்மைதான். மேலே விரற்கடை அளவு மார்ஜின் இருந்தது, கீழே கடைசி வரியைத் தொட்டுக்கொண்டு கத்தி போயிருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ஒரே ஒரு தாளில் வெட்டு கோணலாக விழுந்து, அடியில் ஒரு சின்ன வரியின் மேல்பாதி தப்பியிருந்தது. யாரோ ஒருவரின் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆர்டர் எண்ணின் தலை. விஷயம் அங்கே புரிந்தது. இந்தப் பழைய மாட்யூல்களின் ஸ்கேன் இன்று முறைப்படியே பி.டி.எஃப். ஆக இணையத்தில் விற்பனைக்கு உண்டு. அங்கே வாங்கினால் பக்கத்தின் அடியில் வாங்கியவர் பெயரும் ஆர்டர் எண்ணும் விழும். யாரோ சில நூறு ரூபாய்க்கு வாங்கிய கோப்பை அச்சடித்து, அந்த வரியை மறைக்க அடியை வெட்டியிருக்கிறார்கள். வரியோடு பக்க எண்ணும் போயிற்று. அதனால்தான் தாள் குறைந்தது கண்ணில் படவில்லை.

காணாமல் போன பக்கங்களின் கணக்கும் அவன்தான் சொன்னான். 32 பக்கம் என்றால் நடுவில் மடித்த எட்டுத் தாள். ஒரு தாளில் நான்கு பக்கம். ஒன்று விட்டுப்போனால் முன்பாதியில் இரண்டு, பின்பாதியில் இரண்டு என்று இரண்டு ஓட்டை விழும், முன்பாதிப் பக்க எண்ணையும் அதற்கு ஜோடியான பின்பாதிப் பக்க எண்ணையும் கூட்டினால் எப்போதும் 33 வரும். அன்று இரவே நானும் அந்த பி.டி.எஃப்.பை வாங்கி ஒப்பிட்டேன். போனது 11, 12, 21, 22. பையன் கணக்கு சரி.

மற்ற இரண்டையும் உறையிலிருந்து உருவினோம். பி2இல் அட்டை உட்புறத்து நீல வரைபடம் வெளிறிப்போய், குகைகள் இருக்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம். தீவு மாட்யூலில் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கிற வரைபடம், கடற்கரை மட்டும் வரைந்து உள்ளே காலியாக விட்டிருப்பார்களே, அவர்களே நடந்து நடந்து நிரப்ப வேண்டியது, அது இல்லவே இல்லை.

மருந்துக்கடை அக்கா, “திருநெல்வேலிக்காரனுக்கே அல்வாவா” என்றார். அன்றிலிருந்து இதைப் பதினேழு பேர் சொல்லிவிட்டார்கள். போதும்.

விற்றவரைக் கூப்பிட்டேன். முதல் முறை, “அப்பா வச்சிருந்தது அப்படியே இருக்கு அண்ணாச்சி, எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது.” வெட்டிய விளிம்பையும் அந்தப் பாதிப் பெயரையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டாவது முறை அண்ணாச்சி போய் ‘சார்’ வந்தது. “பாத்துத்தான சார் வாங்குனீங்க?” மூன்றாவது முறை மணி அடிக்கவே இல்லை.

இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பணப் பரிமாற்ற எண், பேச்சுப் பதிவுகள், போட்டோக்கள் எல்லாம் கொடுத்தேன். பணம் போன கையோடு அழைத்தால்தான் எதிராளியின் கணக்கில் அதை நிறுத்திவைக்க வழி உண்டு. நான் அலமாரியில் மூன்று மாதம் அழகு பார்த்துவிட்டு அழைத்தவன். பதினோராயிரத்து ஐந்நூறில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

நகலில் விளையாடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது அந்தக் கோட்டையை பி.டி.எஃப்.பில்தான் நடத்துகிறேன், வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் ஏ2 அளவில் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நன்றாகவே ஓடுகிறது. நகலை நகல் விலைக்கு விற்றால் யாருக்குக் கோபம்? செத்த அப்பாவையும் நம்ம ஊர்ப் பேச்சையும் மேலே ஒட்டி அசல் என்று விற்றதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

யாராவது இந்த மாதிரிப் பெட்டியைக் காட்டினால், அட்டையைத் தனியே கழற்றி உட்பக்க வரைபடம் தெரிய ஒரு போட்டோ கேளுங்கள். பக்கத்தில் இன்றைய தேதியைக் கையால் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும். நடுப்பக்கத்தை விரித்து பின் தெரிய இன்னொன்று. பெட்டி ஊரில் இருக்கிறது, தங்கச்சி எடுக்கணும் என்றால், தங்கச்சி எடுக்கும் வரை பணம் உங்களிடமே இருக்கட்டும். வந்து சேர்ந்தால் அன்றைக்கே பக்க எண்ணை எண்ணுங்கள், உள்ளே எழுதியிருக்கும் ஒவ்வொரு அறை எண்ணும் வரைபடத்தில் இருக்கிறதா என்று பென்சிலால் டிக் அடியுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

வியாழக்கிழமை அந்தப் பதிவின் கீழே ‘எடுத்துக்கிறேன்’ என்று போட்டிருந்த பையனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். தென்காசிக்காரன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சிங்கப்பூர் தாய்மாமா கதையை எனக்கே உருக்கமாகத் திருப்பிச் சொன்னான். என் புத்தகத்தின் வெட்டிய விளிம்பை அனுப்பியதும் ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு வரி வந்தது. முன்பணம் இரண்டாயிரம் காலையில்தான் அனுப்பினானாம். 1930க்கு இப்பவே அடி என்று நம்பரைக் கொடுத்துவிட்டு, அவன் பேசி முடித்துவிட்டேன் என்று சொல்லும் வரை போனைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.