கார் சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகாவிட்டால்: சர்வீஸ் சென்டரா, எலக்ட்ரீஷியனா, கையில் ஒரு மீட்டரா?

சித்திரை மாதம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தோம். மதியம் கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் 'றும்ம்' என்று ஒரு முனகல், அப்புறம் 'டக்'. மறுபடி திருப்பினால் வெறும் 'டக்' மட்டும். காளை வாங்க வந்த நாலு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ள வந்தார்கள். அவர்கள் கை வைப்பதற்குள் நான் இன்னொரு முறை திருப்ப, வண்டி ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிட்டது. "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு பெரியவர் நடையைக் கட்டினார். அடுத்த மூன்று மாதம் நான் போன இடமெல்லாம் அதையேதான் சொன்னார்கள்.

பதினொரு வருடம் ஓடிய பெட்ரோல் கார், கையால் கியர் போடுகிற வண்டி. வாரத்தில் ஒரு நாள் இப்படி மக்கர் செய்யும், சில வாரம் செய்யாது. காலையில் வீட்டு வாசலில் ஒருநாளும் வராது. காங்கேயத்திலிருந்து பெருந்துறை வரை ஓட்டிப்போய், கால் மணி நேரம் நிறுத்தி, திரும்ப எடுக்கும்போதுதான் வரும். இதைக் கண்டுபிடிக்க மூன்று வழியும் போய்ப் பார்த்துவிட்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டர், ஊரில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன், கடைசியாக 450 ரூபாய்க்கு வாங்கிய, வோல்ட் பார்க்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை. மீட்டர் பக்கம்தான்.

தெரிந்த விஷயங்களை முதலில் தள்ளிவிடுவோம். பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் சுரண்டித் துடைத்து இறுக்குங்கள். ராத்திரி நின்ற வண்டியின் பேட்டரி காலையில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ சார்ஜ் ஏற்றுகிறது. தினமும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இந்த அலசலே வேண்டாம், மூன்று பேரில் யாரிடம் போனாலும் பிடித்துவிடுவார்கள். வந்து வந்து போகிற கோளாறுக்குத்தான் இந்தப் பாடு.

சர்வீஸ் சென்டரில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஸ்கேனர் போட்டார்கள், 'கோடு' என்கிற கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை. இருபது முறைக்கு மேல் ஸ்டார்ட் செய்து பார்த்தோம் என்றார்கள், நம்புகிறேன். ஆனால் நிழலில் நின்ற வண்டியை இருபது முறை ஸ்டார்ட் செய்வதும் ஒரு முறை செய்வதும் எனக்கு ஒன்றுதான். 1,850 ரூபாய் பில், அதில் ஒரு வாட்டர் வாஷும் அடக்கம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்கேனர் என்பது வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்கும் கருவி. சென்சாரில் கோளாறு என்றால் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும். என் மாதிரி வண்டியில் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த வயரையும், கரண்ட் திரும்புவதற்காக இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையையும் எந்தச் சென்சாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பார்க்காததற்கு எப்படிக் கோடு வரும்?

எலக்ட்ரீஷியன் கதை வேறு. எங்கள் ஊர்க்காரர், இந்தத் தொழிலில் முப்பது வருடம். பானட்டைத் திறந்ததும் முதலில் காதைத்தான் கொடுப்பார். செல்ஃபைக் கழற்றி, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, இன்ஜினோடு கோக்கும் பல்சக்கரமான பென்டிக்ஸ் ஒட்டுகிறதா என்று பார்த்து, அதே பட்டறையில் மாட்டியும் கொடுத்துவிடுவார். அந்தக் கைப்பக்குவம் சர்வீஸ் சென்டரில் கிடைக்காது. அங்கே செல்ஃப் போனால் புது செல்ஃப்தான். ஆனால் அவரிடமும் வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. "ஏனுங்ணா, எங்கிட்ட வந்தா நல்லாத்தான எடுக்குது? பேட்டரிக்கு நாலு வருசம் ஆச்சு, மாத்திப் பாப்பமுங்களா?" என்றார். மாற்றினோம். 5,200 ரூபாய்.

மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. பேட்டரிதான் குற்றவாளி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாலாவது வாரம் கொடுமுடி கோயில் வாசலில் மறுபடி 'டக்'. அப்போது எரிச்சல்தான் வந்தது, பின்னால்தான் காரணம் புரிந்தது. பேட்டரி ட்ரேயைக் கழற்றி மாட்டும்போது அதன் அடியில் போகும் எர்த் பட்டை அசைந்திருக்கிறது. அசைந்ததில் கொஞ்ச நாள் ஒழுங்காகத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பொருளை மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறையில் செலவைவிடப் பெரிய தொல்லை இதுதான். மாற்றுகிற கை பக்கத்தில் இருப்பதையும் அசைத்துவிடும், கோளாறு ஒளிந்துகொள்ளும், மாற்றிய பொருளுக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

கோளாறு வருகிற நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? எனக்கு மூன்று வழிக்கும் வித்தியாசம் இந்த ஒரு கேள்விதான். சர்வீஸ் சென்டர் ஆள் இருக்கமாட்டார். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால் பைக்கில் வருவார், வருவதற்குள் இன்ஜின் ஆறிவிடும். இருப்பது ஓட்டுகிறவன் ஒருவன்தான், அவன் கையில் ஒன்றும் இருக்காது. டாஷ்போர்டில் ஒரு மீட்டர் இருந்தால் கதை மாறுகிறது.

மீட்டரிலும் நான் முதலில் தப்பாகத்தான் பார்த்தேன். பேட்டரியில் வைத்தேன், 12.5 காட்டியது. செல்ஃப் வயரின் முனையில் வைத்தேன், அங்கேயும் 12.5. எல்லாம் சரி என்று மூடிவிட்டேன். தோட்டத்தில் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இதில் இருக்கும் தப்பு உடனே தெரியும். கடைசியில் இருக்கும் கேட்வால்வை மூடி வைத்திருந்தால் அடைத்துப்போன பைப்பிலும் பிரஷர் மீட்டர் முழுசாகத்தான் காட்டும். தண்ணீர் ஓடும்போது பார்த்தால்தான் அடைப்பு தெரியும். கரண்ட்டும் அப்படித்தான். பெட்ரோல் காரின் செல்ஃப் சுற்றும்போது நூறு, நூற்றைம்பது ஆம்பியர் ஓடும். 150 ஆம்பியர் ஓடுகிற வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த 0.02 ஓமைச் சாதாரண மீட்டரின் ஓம் பகுதி காட்டாது, பூஜ்யம் என்றே சொல்லும்.

அதனால் செல்ஃப் அடிக்கும்போது பார்க்க வேண்டும், அதுவும் ஒரே வழியின் இரண்டு முனைக்கு நடுவில். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனை பேட்டரியின் மைனஸ் தூணில், இன்னொன்று கியர்பாக்ஸின் வெறும் உலோகத்தில். வண்டி நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல வண்டியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. பிளஸ் பக்கத்துக்கும் இதே கணக்கு: பேட்டரியின் பிளஸ் தூணிலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட் வரை, அரை வோல்ட்டுக்குள். அதே நேரம் பேட்டரியின் இரண்டு தூணுக்கும் நடுவில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஆம்பியர் பகுதியில் மட்டும் மீட்டரை வைத்துவிடாதீர்கள், மீட்டரோ வயரோ கருகிவிடும். வேட்டியோடு பானட்டுக்குள் குனியாதீர்கள். ஃபேன் சொல்லிவிட்டுச் சுற்றாது.

ஒரு சிக்கல் உண்டு. வண்டி ஒரு நொடியில் ஸ்டார்ட் ஆகிவிடும், மலிவான மீட்டரின் எண்கள் அந்த வேகத்துக்கு நிற்காது. பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் செல்ஃப் மட்டும் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. ஐந்து நொடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஆறவிட்டு அடியுங்கள்.

அப்படிப் பார்த்தபோது காலையில் எனக்கு 0.15 காட்டியது. அருமையான எண். சரி, வெறுத்துப்போய் வேறு ஒன்று செய்தேன். ஸ்பீக்கர் வயர் நான்கு மீட்டர் வாங்கி, பேட்டரி மைனஸிலும் கியர்பாக்ஸ் போல்ட்டிலும் கட்டி, பானட் இடுக்கு வழியாகக் கதவோரம் கொண்டுவந்து, மீட்டரை டாஷ்போர்டில் ஒட்டிவிட்டேன். பத்து நாள் அப்படியே ஓட்டினேன். சாவியைத் திருப்பும்போதெல்லாம் எண்ணைப் பார்ப்பது வீட்டம்மாவின் வேலை. காலையில் 0.15. பெருந்துறை போய் நிறுத்தி எடுத்தால் 0.4. வெயிலில் 0.7. இத்தனைக்கும் இந்த நாட்களில் எல்லாம் வண்டி ஸ்டார்ட் ஆனது! எப்போதாவது வருகிறது என்று நான் நினைத்த கோளாறு தினமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது; எல்லை தாண்டும்போது மட்டும் என் காதுக்குக் கேட்டிருக்கிறது. சர்வீஸ் சென்டரிலேயே யாராவது இந்த இரண்டு முனையில் மீட்டரை வைத்து, சூடாக ஓட்டி வந்து பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அதற்கு வண்டியை ஐம்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். யார் ஓட்டுவார்கள்?

பதினொன்றாம் நாள் வெள்ளகோவிலில் ஒரு பேக்கரி வாசலில் மாட்டியது. 'றும்ம்... டக்'. மீட்டரில் 3.8. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து டீ போடுகிறவர் எட்டிப் பார்த்தார். ஹெட்லைட் போட்டுச் சாவியைத் திருப்பினோம், லைட் மங்கவே இல்லை. பேட்டரி அவ்வளவையும் கொடுக்கத் தயாராக இருக்கிறது, வழியில்தான் அடைப்பு. வயரை இடம் மாற்றிப் பார்த்தேன்: பேட்டரி மைனஸிலிருந்து பாடி வரை 0.1, பாடியிலிருந்து கியர்பாக்ஸ் வரை 3.7. நடுவில் இருப்பது ஒரு முழ நீளப் பின்னல் எர்த் பட்டை மட்டும்தான். கிணற்று மோட்டார் எடுக்காதபோது எங்கள் அப்பா மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார், "எது சுடுதோ அவந்தான் திருடன்" என்பார். அதே மாதிரி தொட்டுப் பார்த்தேன். பட்டையின் ஒரு லக், அதாவது போல்ட்டில் மாட்டும் முனை, மட்டும் கொதித்தது.

மீட்டரைப் போனில் எடுத்த படத்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். "அடடே, இதை நானே பாத்திருக்கோணுமுங்ணா" என்று பட்டையைக் கழற்றி லக்கை வளைத்தார், உள்ளே பச்சையாகப் பொடிந்து கொட்டியது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புதுப் பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 600 ரூபாய். இப்போது சூட்டிலும் 0.12 தாண்டவில்லை. ஏன் அரித்தது என்பதற்கு என் ஊகம், போர்த் தண்ணீர். எங்கள் பக்கத்து போர் உப்பு. அதை வைத்துத்தான் வாட்டர் வாஷில் இன்ஜினுக்குள்ளும் அடிக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள்கூட சிறுவாணித் தண்ணீரில் கார் கழுவுவார்களா என்ன.

அதற்காக மீட்டர் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று சொல்லமாட்டேன். ஒரு சத்தமும் வராமல் சாவி மட்டும் திரும்பினால் பிரச்சினை ரிலே, கிளட்ச் ஸ்விட்ச், சாவி ஸ்விட்ச் பக்கம் இருக்கலாம். அப்போது எலக்ட்ரீஷியனின் பன்னிரண்டு வோல்ட் டெஸ்ட் லேம்ப்தான் என் தேர்வு. செல்ஃபுக்கு வரும் சின்ன வயரில் வைத்துச் சாவியைத் திருப்பும்போது எரிந்தால் சாவிப் பக்கம் சுத்தம், எரியாவிட்டால் தேட வேண்டியது அந்தப் பக்கம். ஒரே அடியில் பாதி வேலை முடிந்தது. ஒற்றை 'டக்' வந்து, வயர் இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் செல்ஃபின் காந்த ஸ்விட்சான சொலினாய்டோ பிரஷோதான், பட்டறைக்குப் போய்விடுங்கள். 'கடகட'வென்று அடித்தால் பேட்டரி அல்லது டெர்மினல்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியையும், சிக்னலில் தானே அணைந்து எடுக்கும் வண்டியையும் நான் தொட்டதில்லை, அதில் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் ஆட்டமே வேறு. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் விட்டுப்போகலாம், பெட்ரோல் பம்ப்பாக இருக்கலாம், திருட்டைத் தடுக்கச் சாவியில் இருக்கும் இம்மொபிலைசராக இருக்கலாம். அங்கே என் 450 ரூபாய் மீட்டர் வேடிக்கைதான் பார்க்கும், ஸ்கேனருக்குத்தான் மதிப்பு.

போன வாரம் மச்சான் தாராபுரத்திலிருந்து போன் செய்தார், அவர் டீசல் வண்டியும் சில நேரம் எடுப்பதில்லையாம். மீட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். போய்ப் பார்த்தால் செல்ஃப் கிண்ணென்று சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். நேற்று அங்கிருந்து கூப்பிட்டார்களாம்: "சார், இங்க வந்தா நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகுதுங்க."