லேபிளில் 5 ஆம்பியர், உள்ளே மூன்றரைகூட இல்லை: தொலைநோக்கி மவுண்ட் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

தொலைநோக்கியைத் தாங்கி, மோட்டார்களால் இயங்கி, வானத்துப் பொருள்களைத் தானே தேடிக் காட்டும் கோ-டு வகை மவுண்டை வாங்கும்போது, ‘இதற்கென்றே பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தது’ என்ற உறுதிமொழியுடன் ஒரு 12 வோல்ட் அடாப்டரும் எனக்கு விற்கப்பட்டது. அந்த அடாப்டர் தன் லேபிளில் எழுதியிருந்த மின்னோட்டத்தைத் தரவில்லை. அதனால் வந்த கோளாறுக்கு, பழுதே இல்லாத மவுண்டின் மின்சுற்றுப் பலகையை மாற்றச் சொல்லி என்னிடம் பணம் வாங்கப்பட்டது. விற்றவரின் பெயரையும் பழுது பார்த்தவரின் பெயரையும் இங்கே நான் குறிப்பிடவில்லை. மவுண்டைத் தயாரித்த நிறுவனத்தின் மீது எனக்குக் குறையே கிடையாது என்பதால் அதன் பெயரும் இங்கு வேண்டியதில்லை. இதே முறையில் வேறு ஒருவர் ஏமாற்றப்படக் கூடாது என்பதற்காக, நடந்ததையும் அளந்து கண்டதையும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அறிகுறிகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை மின்வழங்கல் கோளாறு போலவே தோன்றாது. விண்மீன்களின் நகர்வை மெதுவாகப் பின்தொடரும் வரை மவுண்ட் எந்தக் குறையுமின்றி ஓடியது. ஒரு பொருளிலிருந்து வானத்தின் மறுபக்கத்தில் உள்ள இன்னொன்றுக்கு வேகமாகத் திரும்பச் சொன்னால், இரண்டு அச்சுகளும் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கிய சில நொடிகளில் மோட்டாரின் ஒலி மாறும். ஓர் அச்சு தடுமாறி நிற்கும். சில வேளைகளில் கைக்கட்டுப்பாட்டுக் கருவியின் திரை மங்கி, கருவியே புதிதாகத் தொடங்கி, விண்மீன்களை வைத்து அதுவரை செய்து வைத்த திசைப்பொருத்தம் (அலைன்மென்ட்) முழுவதும் அழிந்துவிடும். கருவி அணையாமல் மோட்டார் மட்டும் தடுமாறிய இரவுகள் இதைவிட மோசமானவை. சிறு சிறு படிகளாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் தன் படிகளைத் தவறவிட்டாலும், தனியாக நிலை உணரிகள் பொருத்தப்படாத மவுண்டுக்கு அது தெரியாது. தான் சரியான இடத்துக்கே வந்துவிட்டதாகத் திரையில் காட்டும். கண்வில்லையிலோ அந்தப் பொருள் இருக்காது.

இதை விற்றவரிடம் தெரிவித்தபோது, அவர் முதலில் தொலைநோக்கியின் எடைச் சமநிலை சரியில்லை என்றார். சரிபார்த்துப் படமும் அனுப்பிய பிறகு, மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார். அதையும் செய்து முடித்த பிறகு, பற்சக்கரங்களில் கிரீஸ் உறைந்திருக்கலாம் என்றார். இவை ஒவ்வொன்றும் உண்மையிலேயே மவுண்டுகளில் ஏற்படக்கூடிய குறைகள்தான் என்பதால், கேட்பவருக்குச் சந்தேகம் எழாது. ஆனால் அந்த நீண்ட உரையாடலில் ஒருமுறைகூட, ‘மவுண்ட் சுழலும்போது அதன் மின் நுழைவாயிலில் எத்தனை வோல்ட் இருக்கிறது?’ என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. அறிகுறிகளைக் கேட்டவுடனேயே இந்தத் துறையில் பழகிய எவரும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். அடாப்டரைப் பற்றி நானாகக் கேட்டபோது, “அது 5 ஆம்பியர் அடாப்டர், உங்கள் மவுண்டுக்குத் தேவையானதைவிட அதிகம், அதில் பிரச்சினை வர வாய்ப்பே இல்லை” என்று எழுத்திலேயே பதில் தந்தார்.

பின்னர் அவரே பரிந்துரைத்த சேவை மையத்துக்கு மவுண்டை அனுப்பினேன். அடாப்டரையும் கேபிளையும் சேர்த்து அனுப்பவா என்று கேட்டதற்கு, மவுண்டை மட்டும் அனுப்பினால் போதும் என்றார்கள். இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். மின்வழங்கல் கோளாறைக் கண்டறிய வேண்டியவர், கோளாறு நிகழும்போது இணைந்திருந்த மின்மூலத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று சொன்னால், அவர் எதைக் கண்டறியப் போகிறார்? மின்சுற்றுப் பலகை பழுதடைந்துவிட்டது, புதியது பொருத்தினால்தான் ஓடும் என்ற முடிவு விரைவிலேயே வந்தது. பலகையில் எந்தப் பகுதி பழுது, எந்த அளவீட்டில் அது தெரிந்தது என்ற என் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. ரசீதில் ‘பலகை மாற்றப்பட்டு, சோதிக்கப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. கழற்றிய பழைய பலகையைத் திருப்பித் தரும்படி கேட்டபோது, அதை அப்புறப்படுத்திவிட்டோம் என்றார்கள்.

திரும்பி வந்த மவுண்ட், அதே அடாப்டரில், அதே இடத்தில், அதே விதத்தில் நின்றது. சேவை மையத்தின் மேசையில் மட்டும் எப்படி ஓடியது என்று கேட்டேன். தங்களிடம் உள்ள, 13.8 வோல்ட் தரும் மேசை மின்மூலத்தில் இணைத்துச் சோதித்ததாகச் சொன்னார்கள். அப்படியானால், பலகையை மாற்றுவதற்கு முன்பும் இதே மின்மூலத்தில் மவுண்ட் சரியாகவே ஓடியிருக்க வேண்டும். அவர்கள் அதை ஓட்டிப் பார்க்காமலேயே மாற்றினார்களா, ஓடியதைப் பார்த்த பிறகும் மாற்றினார்களா என்பதற்கு அவர்கள்தாம் பதில் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு மல்டிமீட்டரை எடுத்து நானே அளந்தேன். இங்கே அளக்கும் முறைதான் முக்கியம். எதனுடனும் இணைக்காத அடாப்டரின் முனையில் மீட்டரை வைத்தால் பெரும்பாலும் 12 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். அந்த எண்ணைக் காட்டித்தான் பலரைச் சமாதானப்படுத்துகிறார்கள். சுமை ஏறும்போது அந்த எண் என்ன ஆகிறது என்பதே நமக்கு வேண்டியது. மவுண்டில் செருகும் பிளக்கை ஒட்டி, கேபிளின் இரு கம்பிகளிலிருந்தும் சிறு கிளைக் கம்பிகளை எடுத்து, அவை ஒன்றையொன்று தொடாதபடி காப்பிட்டு, இரண்டு அச்சுகளையும் உச்ச வேகத்தில் ஒருசேரச் சுழலவிட்டுக்கொண்டே அளக்க வேண்டும். என்னுடையதில் சுமையில்லாதபோது 12.2 வோல்ட் இருந்தது. மெதுவான பின்தொடர்தலின்போது 11.7 ஆனது. இரு அச்சுகளும் வேகமாகச் சுழன்ற கணத்தில் 9.1 வோல்ட்டுக்குச் சரிந்தது. ஸ்கை-வாட்சர் நிறுவனத்தின் இ.க்யூ.6-ஆர் மவுண்டுக்கு 11 முதல் 16 வோல்ட் வரையும், எச்.இ.க்யூ.5 மவுண்டுக்கு 11 முதல் 15 வோல்ட் வரையும் தேவை என்று அவற்றின் கையேடுகள் கூறுகின்றன. இந்த வகை மவுண்டுகளுக்கு 9 வோல்ட் எந்தக் கணக்கிலும் போதாது. ஸ்டெப்பர் மோட்டாரின் வேகம் கூடக் கூட, அதன் சுருள்களில் எதிர்த்து உருவாகும் மின்னழுத்தமும் கூடும். ஆகவே மின்வழங்கலின் அழுத்தம் குறைந்தால் உந்துவிசை முதலில் இழக்கப்படுவது உச்ச வேகத்தில்தான். மெதுவாக ஓடும்போது நன்றாக இருந்த மவுண்ட், வேகம் பிடித்ததும் நின்றதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

அதே நேரத்தில் அடாப்டரின் முனையிலேயே அளந்தபோது 10.4 வோல்ட் இருந்தது. அதாவது, அடாப்டர் தன்னளவில் இழந்தது போக, அவர்களே சேர்த்து விற்ற நீட்டிப்புக் கேபிள் மேலும் 1.3 வோல்ட்டை விழுங்கியிருந்தது. அந்தக் கேபிளின் தடித்த உறையைப் பார்த்தால் வலுவானது போலத் தெரியும். வெட்டிப் பார்த்தபோது உள்ளே ஏறத்தாழ 0.2 சதுர மில்லிமீட்டர் கம்பிதான் இருந்தது. அந்தப் பருமனில் உள்ள செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.085 ஓம். இரண்டரை மீட்டர் கேபிளில் மின்னோட்டம் போய்த் திரும்பும் தொலைவு 5 மீட்டர் என்பதால், மொத்தத் தடை 0.4 ஓமைத் தாண்டும். 3 ஆம்பியர் ஓடும்போது ஒன்றேகால் வோல்ட் கம்பியிலேயே வெப்பமாகப் போய்விடும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். 0.8 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் இதே இழப்பு சுமார் 0.3 வோல்ட்டாகக் குறைந்துவிடும்.

அடாப்டரின் உண்மைத் திறனை அறிய, கார்களில் பயன்படும் 12 வோல்ட், 21 வாட் பல்புகளைச் சுமையாக வைத்தேன். ஒரு பல்பு சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். அப்போது அடாப்டர் தாக்குப்பிடித்தது. இரண்டாவது பல்பை இணையாகச் சேர்த்ததும் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, சிறிது நேரத்தில் அடாப்டர் தானாகவே அணைவதும் மீண்டும் இயங்குவதுமாக இருந்தது. குளிர்ந்த பல்பு இழை முதல் கணத்தில் மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், நல்ல அடாப்டரும் தொடக்கத்தில் ஒருமுறை தயங்கலாம். அதை மட்டும் வைத்துக் குறை சொல்லக் கூடாது. ஆனால் இழைகள் சூடேறிய பிறகும், 5 ஆம்பியர் தருவதாக அச்சிட்ட அடாப்டர் மூன்றரை ஆம்பியரைத் தாங்கவில்லை என்றால், லேபிளில் இருப்பது பொய்.

இந்த அளவீடுகளை விற்றவருக்கு அனுப்பினேன். அடாப்டரின் பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்றும், உத்தரவாதம் மவுண்டுக்கு மட்டுமே என்றும் பதில் வந்தது. கூடவே, அடாப்டருக்குப் பதிலாக ‘12 வோல்ட், 20,000 மில்லிஆம்பியர்-மணி’ லித்தியம் பவர் பேக்கை வாங்கிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பரிந்துரையும் வந்தது. அதில் இன்னொரு பொறி இருக்கிறது. 20,000 என்பது பெரும்பாலும் உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் கலங்களின் கணக்கு. 74 வாட்-மணிதான் அதன் மொத்தக் கொள்ளளவு. 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியர்-மணியைச் சற்றே தாண்டும், மாற்றும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தால் அதுவும் குறையும். மேலும், மூன்று லித்தியம்-அயன் கலங்களைத் தொடராக அடுக்கி, சீராக்கும் சுற்று எதுவுமின்றி வெளியே தரும் பேக்குகள் முழுதாகச் சார்ஜ் ஏறியபோது 12.6 வோல்ட் தரும். பாதி தீர்ந்ததும் 11 வோல்ட்டை நெருங்கிவிடும். பனி இரவின் குளிரில் அதைவிட விரைவாகச் சரியும். நான்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்கள் கொண்டவை 12.8 வோல்ட் அளவில் ஏறக்குறைய கடைசிவரை நிலையாக நிற்கும். இரண்டும் ‘12 வோல்ட் லித்தியம்’ என்றே விற்கப்படுகின்றன. எந்த வகை என்று கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

இப்போது என் மவுண்ட், 13.8 வோல்ட்டில் சீராக 5 ஆம்பியர் தரும் மின்மூலத்தில், குட்டையான தடித்த செப்புக் கேபிளுடன், வழியில் ஒரு ஃபியூசும் பொருத்தப்பட்டு, எந்தக் குறையுமின்றி ஓடுகிறது. உச்ச வேகத்திலும் அதன் நுழைவாயிலில் 13.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. பனி படியாமல் லென்சைச் சூடாக்கும் பட்டையைத் தனி மின்மூலத்தில் இணைத்துவிட்டேன். பிளக்கையும் கவனிக்க வேண்டியிருந்தது. பல மவுண்டுகளில் உள்ள நுழைவாயில் 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2.1 மில்லிமீட்டர் நடுமுனையும் கொண்டது, அதில் 2.5 மில்லிமீட்டர் துளையுள்ள பிளக்கைச் செருகினால் பொருந்தியது போலவே இருக்கும், ஆனால் மவுண்ட் திரும்பிக் கேபிள் இழுபடும்போது தொடர்பு அறுந்து அறுந்து சேரும். நடுமுனை நேர்மின்வாய்தானா என்பதைச் செருகுவதற்கு முன்பே மீட்டரில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிளக் பொருந்துகிறதே என்று 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் செருகிவிடாதீர்கள். அப்போது பலகை உண்மையாகவே எரிந்துவிடக்கூடும்.

உங்கள் மவுண்ட் இதே போல நடந்துகொண்டால், பழுதுக்கு அனுப்புமுன் சுமையோடு அளந்து பாருங்கள். சில ஸ்கை-வாட்சர் மவுண்டுகளில் மின்னழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு மெதுவாகச் சிமிட்டும், மிகவும் குறைந்தால் வேகமாகச் சிமிட்டும்; செலஸ்ட்ரான் நிறுவன மவுண்டுகளில் தோன்றும் ‘நோ ரெஸ்பான்ஸ் 16’, ‘நோ ரெஸ்பான்ஸ் 17’ என்ற அறிவிப்புகளுக்கும் கேபிள் தொடர்பும் குறைந்த மின்னழுத்தமும் அடிக்கடி காரணமாகின்றன. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அடாப்டரையும் கேபிளையும் வற்புறுத்திச் சேர்த்தே அனுப்புங்கள். பாகம் எதையும் மாற்றுமுன் சுமையோடு அளந்த மின்னழுத்தத்தை எழுத்தில் தர வேண்டும், கழற்றிய பாகம் உங்களிடமே திரும்பி வர வேண்டும் என்ற இரண்டையும் பணம் கொடுப்பதற்கு முன்பே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். பழைய பலகை என் கையில் இல்லாததால், அது நல்ல நிலையில் இருந்தது என்பதை இப்போது என்னால் நிரூபிக்க முடியவில்லை. அடாப்டரும் வெட்டிய கேபிளும், அளவீடுகளின் படங்களும், விற்றவர் எழுத்தில் தந்த உறுதிமொழியும் என்னிடம் பத்திரமாக உள்ளன. அவற்றை இணைத்து, அடாப்டரின் விலையையும் பழுதுக்கட்டணத்தையும் திருப்பித் தரக் கோரி இருவருக்கும் எழுதியிருக்கிறேன்.