நாலு மணிக்குக் காலைக் கடிக்கும் பூனை: எந்த வழி எடுபடும்?

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் பூனை விடியற்காலை நாலு மணிக்கு என் கால் கட்டைவிரலைக் கடிக்கும். குறும்பு என்று திட்டிப் பயனில்லை. இரை நடமாடும் விடியலும் அந்தியும்தான் பூனைக்குச் சுறுசுறுப்பான நேரம்.

பகலில் தூங்கவிடாமல் எழுப்பி வைக்கச் சொல்வார்கள். நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும் பிராணி அது. அதுவும் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில்! கட்டிலுக்கடியில் தரையோடு ஒட்டிக் கிடப்பதை எழுப்பவே மனசு வராது.

கதவைச் சாத்திவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருப்பது செலவில்லாத வழி. ஆனால் முதல் சில நாள் கத்தல் குறையாது, கூடும். சரியாக அந்த நேரத்தில்தான் எங்கள் அம்மா, "பாவம்டா, வாயில்லாத ஜீவன்" என்று எழுந்துபோய் ஒரு துண்டுக் கருவாடு போட்டார். இன்னும் கொஞ்சம் கத்தினால் கருவாடு வரும் என்று பூனை கற்றுக்கொண்டது. வீட்டில் ஒருவர் இளகினாலும் இந்த வழி போச்சு.

டைமர் வைத்த தீவனப் பெட்டி வேறு ரகம். குறித்த நேரத்தில் தீனி விழுவதால், பூனை நம்மை விட்டுவிட்டுப் பெட்டியின் முன்னால் உட்காரும். சில நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டே போகலாம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் ஆஸ்பத்திரி நைட் டியூட்டிக்காரர்களுக்கும் இதுதான் சௌகரியம். காசு ஆகும், பெரும்பாலும் உலர் தீனிதான் போடமுடியும், பேட்டரியும் இருக்கவேண்டும். எறும்புக்குத் தனிப் பாதுகாப்பு வேறு!

என் ஓட்டு ராத்திரி ஆட்டத்துக்கு. வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம்: பூனையின் இயல்பான வரிசை இது. நாங்கள் பத்தரைக்குக் கயிற்றில் இறகு கட்டிய குச்சியை ஆட்டிக் கால்மணி நேரம் ஓடவிடுகிறோம். அப்புறம் அன்றைய தீனியில் பெரிய பங்கைப் போடுகிறோம். கூடுதலாகப் போட்டால் கொழுத்துவிடும், பகல் பங்கிலிருந்துதான் எடுக்கவேண்டும். ஆடி முடித்ததும் கயிறை எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் ஆபரேஷன் வரை போகும். இரண்டு வாரத்தில் நாலு மணி ஐந்தரையானது. அது பால் பாக்கெட் வரும் நேரம், எப்படியும் எழத்தான் வேண்டும்.

கருத்தடை செய்யாத பூனை இணை தேடிக் கத்தினால் இவை எதுவும் எடுபடாது. வயதான பூனை திடீரென்று இரவில் ஊளையிட ஆரம்பித்தால் தைராய்டு கோளாறாகவும் இருக்கலாம். குச்சியை வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.