திங்க்பேட் டி42: பழைய லேப்டாப்பில் இன்றைய வைஃபை, சில வருட அனுபவம்

என் எழுத்து வேலை எல்லாம் நடப்பது ஐபிஎம் 2004-ல் வெளியிட்ட ஒரு திங்க்பேட் டி42-வில். பென்டியம் எம் 1.7 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், 14 அங்குலத் திரை, 1024×768 ரெசொல்யூஷன். கைக்கு வந்தபோது 512 எம்பி ரேமும், கரகரவென்று சத்தம் போடும் ஹார்டு டிஸ்க்கும், விண்டோஸ் எக்ஸ்பியும் அதில் இருந்தன.

இதை விடாமல் வைத்திருப்பது கீபோர்டுக்காக. ஏழு வரிசை விசைகள், அழுத்தினால் நன்றாக உள்ளே போய் வரும். நடுவில் மவுஸுக்குப் பதிலாக விரலால் தள்ளும் அந்தச் சிவப்பு டிராக்பாயின்ட். மணிக்கணக்காகத் தட்டினாலும் விரல் சோர்வதில்லை. திரை 4:3 என்பதால் எழுதும் பக்கமும் உயரமாகத் தெரிகிறது. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகளில் இந்த இரண்டும் சேர்ந்து எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எழுதியதை அனுப்பவும், நடுவில் ஒரு தகவலைத் தேடிப் பார்க்கவும் இணையம் வேண்டுமே. அங்கேதான் வேலை ஆரம்பித்தது.

ரேமைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். டி42 அதிகபட்சம் 2 ஜிபி எடுக்கும், இரண்டு ஸ்லாட்டில் ஒவ்வொரு ஜிபி. பிசி2700 டிடிஆர் வகை. வாங்கும்போது கவனம்: டிடிஆர், டிடிஆர்2 இரண்டிலுமே லேப்டாப் ரேமுக்கு 200 பின்கள்தான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வெட்டு இருக்கும் இடம் மட்டும் லேசாக மாறும். லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

டிஸ்க்கில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. டிஸ்க்கை இணைக்கும் பிற்கால முறையான சாட்டா இதில் கிடையாது, அதற்கு முந்தைய 44 பின் ஐடிஇ. நேரடியாக இன்றைய எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போட முடியாது. எம்சாட்டா என்ற சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டியை 44 பின் ஐடிஇயாக மாற்றித் தரும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது, அதைத்தான் போட்டிருக்கிறேன். ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் பழைய டிஸ்க் பக்கவாட்டில் உருவிக்கொண்டு வந்துவிடும். ஐடிஇ வேகம் நொடிக்கு 100 எம்பியைத் தாண்டாது, ஆனால் அது ஒரு குறையே இல்லை. நாம் உணர்வது தேடும் நேரத்தைத்தான், அது ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது. சத்தமும் நின்றது. பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

இனி வைஃபை. "பழைய லேப்டாப், சிக்னல் பிடிக்காது" என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் சிக்னல் நன்றாகவே பிடித்தது. ஏற்கெனவே இருந்த இன்டெல் 2200பிஜி கார்டு 802.11ஜி என்ற பழைய வைஃபை தரம் வரை போகும். ரவுட்டரின் பெயர் பட்டியலில் தெரியும், பாஸ்வேர்டும் கேட்கும், அதற்கு அப்புறம் நகராது. சிக்கல் அலையில் இல்லை, பூட்டில். அந்த எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 2 (மைக்ரோசாஃப்டின் அப்டேட் தொகுப்பு) மட்டும்தான் இருந்தது. டபிள்யூபிஏ2 பாதுகாப்பு அதில் தானாக வராது, தனி அப்டேட் போட வேண்டும். 2008-ல் வந்த சர்வீஸ் பேக் 3-ல் சேர்ந்தே வந்தது. இந்த மாதிரி நேரத்தில் சிலர் ரவுட்டரை டபிள்யூஇபி என்ற பழைய பூட்டுக்கு இறக்கிவிடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டபிள்யூஇபி-யை உடைக்கும் வழி 2001-லேயே வெளியாகிவிட்டது. ஒரு பழைய மெஷினுக்காக வீட்டில் இருக்கும் எல்லாச் சாதனங்களையும் திறந்து போட்ட மாதிரி ஆகிவிடும்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை 2014 ஏப்ரல் 8-ல் நிறுத்திவிட்டது. அதை இணையத்தில் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. டெபியன் 12 என்ற லினக்ஸின் 32 பிட் பதிப்பைப் போட்டேன். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் காலத்துப் பென்டியம் எம் சில்லுகளில் பல, தங்களுக்கு பிஏஇ வசதி (4 ஜிபிக்கு மேல் ரேமைக் கையாளும் முறை) இருப்பதாகச் சொல்லிக்கொள்ளாது. பிஏஇ கேட்கும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதைப் பார்த்ததும் கிளம்ப மறுத்துவிடும். டெபியனில் பிஏஇ இல்லாத 686 கெர்னல் தனியாக இருந்ததால் தொல்லை வரவில்லை. வைஃபை கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பும் 2023-ல் வந்த இந்தப் பதிப்பில் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகிறது. முன்பெல்லாம் அதைத் தனியாக பென்டிரைவில் கொண்டுவர வேண்டியிருந்தது. பாஸ்வேர்டு கொடுத்ததும் டபிள்யூபிஏ2 நெட்வொர்க்கில் சேர்ந்துகொண்டது. கார்டே தெரியவில்லை என்றால் முதலில் எஃப்என் விசையோடு எஃப்5-ஐ அழுத்திப் பாருங்கள், ரேடியோவை அணைப்பதும் எழுப்புவதும் அதுதான்.

கொஞ்ச காலம் நிம்மதியாக ஓடியது. அப்புறம் வீட்டு ரவுட்டர் மாறியது, மறுபடியும் இணையவில்லை. புது ரவுட்டரில் டபிள்யூபிஏ2-க்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இருந்தது. அதோடு வரும் பிஎம்எஃப் என்ற பாதுகாப்பு 'கட்டாயம்' என்று வைக்கப்பட்டிருந்தது. 2200பிஜி கார்டுக்கு அது தெரியாது. பழைய சாதனம் புது ரவுட்டரில் சேரவில்லை என்றால் செட்டிங்கில் இந்த மூன்றையும் பாருங்கள்: பிஎம்எஃப் கட்டாயமா, 802.11ஜி-க்கு அனுமதி இருக்கிறதா, 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் 12 அல்லது 13-ல் போய் உட்கார்ந்திருக்கிறதா. சில நாடுகளுக்காக விற்ற பழைய கார்டுகளுக்கு 11-க்கு மேல் கண்ணே தெரியாது. நான் செய்தது, விருந்தினர் நெட்வொர்க் ஒன்றை 2.4-ல் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் (குறியாக்க முறை) என்று தனியாக வைத்தது. அப்போது பழைய மெஷின் அதில் மட்டும் இருந்தது. முக்கிய நெட்வொர்க்கின் பாதுகாப்பைக் குறைக்க வேண்டியதில்லை, இந்த லேப்டாப்புக்கு ஏதாவது ஆனாலும் மற்றவற்றைத் தொடாது.

பிறகு கார்டையும் மாற்றினேன். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 2.4-ல் நெரிந்துகொண்டிருந்தன, 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்த கார்டு வேண்டும் என்று தோன்றியது. இதில் இருப்பது மினி பிசிஐ ஸ்லாட், இன்றைய கார்டுகள் பொருந்தாது. அதைவிட முக்கியம், இந்த பயாஸில் (லேப்டாப் கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் ஒன்று உண்டு. பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் 1802 என்ற எண்ணைக் காட்டி நின்றுவிடும். அந்தத் தடையை நீக்கும் சிறு புரோகிராம் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. இதே வரிசைக்காக ஐபிஎம் பெயரிலேயே வந்த ஏதெரோஸ் ஏ/பி/ஜி கார்டைத் தேடி எடுத்தேன் ('ஏ' என்பதுதான் 5 கிகாஹெர்ட்ஸ்). அது பட்டியலில் உள்ளது. லினக்ஸில் ஏடிஎச்5கே டிரைவர் அதை ஓட்டுகிறது, தனி ஃபர்ம்வேரும் வேண்டாம்.

பொருத்துவதற்குக் கீபோர்டையும் கை வைக்கும் பகுதியையும் கழற்ற வேண்டும். கார்டின் ஓரத்தில் இரண்டு குட்டித் தங்க நிற வட்டங்கள் இருக்கும், திரையிலிருந்து வரும் ஆன்டெனா வயர்கள் அவற்றில்தான் மாட்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. தலைக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நேர் மேலாகத் தூக்க வேண்டும். மாட்டும்போது வட்டத்தின் மேல் சரியாக உட்கார வைத்து விரல் நுனியால் அழுத்தினால், சட்டைப் பிரஸ் பட்டன் போல 'டிக்' என்று விழும். அந்தச் சத்தம் வராமல் அழுத்திக்கொண்டே இருந்தால் நடுவில் உள்ள ஊசி வளைந்துவிடும். இந்த யு.எஃப்.எல் இணைப்புகள் 30 முறை கழற்றி மாட்டுவதற்குத்தான் வடிவமைக்கப்பட்டவை, அதனால் சும்மா சும்மா பிரித்துப் பார்க்காதீர்கள்.

கீபோர்டைக் கழற்றிய கையோடு பயாஸ் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். இது வைஃபைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். வைஃபை இணைந்திருக்கும், முழு சிக்னலும் காட்டும், ஒரு தளம்கூடத் திறக்காது. தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ் எதுவும் செல்லாது என்று பிரவுசர் சொல்லிவிடும். ஆட்கள் இதற்காக ரவுட்டரை ரீசெட் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முதலில் தேதியைப் பாருங்கள்.

54 எம்பிபிஎஸ் என்று எழுதியிருந்தாலும் ஜி, ஏ இரண்டிலும் நிஜத்தில் கிடைப்பது 20 முதல் 25 வரைதான். அது எனக்கு ஒருநாளும் போதாமல் போனதில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்துவது பிராசஸர். குரோமியம் பிரவுசர் ஓடவே ஓடாது. 2021-ல் வந்த 89-ஆம் பதிப்பிலிருந்து அது எஸ்எஸ்இ3 என்ற பிராசஸர் கட்டளைத் தொகுப்பைக் கேட்கிறது, இந்தச் சில்லில் எஸ்எஸ்இ2 வரைதான். ஃபயர்ஃபாக்ஸ் ஈஎஸ்ஆர் (நீண்ட காலம் அப்டேட் வரும் பதிப்பு) ஓடும். யுபிளாக் ஆரிஜின் போட்ட பிறகு செய்தித் தளங்கள் படிக்கும்படி ஆயின. இந்த மெஷினில் விளம்பரத்தைத் தடுப்பது ரேமைக் கூட்டியதைவிட அதிகம் உதவியது. இரண்டு, மூன்று டேப் வரை பொறுமையாக இருக்கும். வெப்மெயில் வேண்டாம், தண்டர்பேர்டு போன்ற மெயில் புரோகிராம் நல்லது. வீடியோவை பிரவுசரில் பார்க்காமல் எம்பிவி பிளேயரில் எச்.264, 360பி-யாகத் திறந்தால் தடங்கலில்லாமல் ஓடுகிறது. இணைய வானொலி நாள் முழுக்கப் பின்னணியில் ஓடினாலும் எழுதுவதற்கு இடைஞ்சல் இல்லை. வீடியோ கால் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பிரித்துப் பார்க்க விருப்பமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, நண்பர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்கிறேன். கையடக்க டிராவல் ரவுட்டர் ஒன்றை கிளையன்ட் மோடில் (வீட்டு வைஃபையில் தானே சேர்ந்துகொள்ளும் நிலை) வைத்து, அதிலிருந்து லேப்டாப்பின் ஈதர்நெட் துளைக்கு ஒரு கேபிள். வைஃபை, டபிள்யூபிஏ3, 5 கிகாஹெர்ட்ஸ் எல்லாம் அந்தக் குட்டிப் பெட்டியின் பொறுப்பு, லேப்டாப்புக்குத் தெரிவது வெறும் வயர். டிரைவர் தேட வேண்டாம், பயாஸ் பட்டியலும் குறுக்கே வராது. டி42-ஐவிடப் பழைய மெஷின்களுக்கும் இது பொருந்தும். மடியில் வைத்து எழுதும்போது கேபிள் தொங்குவது மட்டும்தான் சங்கடம்.

வங்கி வேலையை இதில் செய்வதில்லை. அதற்குத் தொடர்ந்து அப்டேட் வரும் வேறு சாதனம் இருக்கிறது.

இனி எத்தனை காலம் என்ற கேள்வி நியாயமானது. 2025-ல் வந்த டெபியன் 13-ல் 32 பிட் இன்ஸ்டாலரும் கெர்னலும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது, 144-ஆம் பதிப்புதான் கடைசி, ஈஎஸ்ஆர் 140 மட்டும் இன்னும் கொஞ்ச காலம் வரும். அதனால் இப்போதைக்கு டெபியன் 12-லேயே இருக்கிறேன். பிரவுசருக்கு அப்டேட் நின்றதும் இதில் இணையம் பார்ப்பதை நிறுத்திவிடுவேன். அதன் பிறகு வைஃபை வீட்டுக்குள் மட்டும், எழுதிய கோப்புகளை இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஆர்சிங்க் மூலம் நகலெடுப்பதற்காக. அதற்கான ஸ்கிரிப்ட் இப்போதே தயாராக இருக்கிறது, தினமும் இரவு ஓடிக்கொண்டும் இருக்கிறது.