விபத்து நடந்த இடத்துக்கு வரும் ரெக்கவரி வண்டியிடம் சாவியைக் கொடுக்கும் முன் – தருமபுரி நெடுஞ்சாலையில் எங்களுக்கு நடந்தது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தேசிய நெடுஞ்சாலை 44-ல் வண்டி ஓட்டுகிறவர்களும், வீட்டில் சரக்கு வண்டி வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விபத்து நடந்து போலீஸ் வந்த கையோடு, "ஸ்டேஷன்ல இருந்து அனுப்பினாங்க" என்று சொல்லிக்கொண்டு ஒரு ரெக்கவரி வண்டி வந்து நிற்கும். அதை ஸ்டேஷன்தான் அனுப்பியது என்று நம்பிவிடாதீர்கள். எங்களுக்கு வந்ததை யாரும் அனுப்பவில்லை. அந்த ஒரு பொய்யால் எனக்கும் தம்பிக்கும் 21,000 ரூபாய் போனது. ஒரு லோடு தக்காளி வீணானது. வண்டியில் இருந்த பேட்டரியும் ஸ்டெப்னியும் காணாமல் போயின.

என் தம்பி குட்டி யானை ஓட்டுகிறான். கடன் என் சம்பளத்தைக் காட்டி வாங்கியது என்பதால் ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் போகும்போது, தருமபுரி தாண்டி, இருட்டும் நேரத்தில் குறுக்கே வந்த பைக்கில் வண்டி மோதிவிட்டது. பைக்கில் வந்தவருக்குக் கால் எலும்பு முறிவு. 108-ல் ஏற்றி தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர் இப்போது நடக்கிறார். அது ஒன்றுதான் இதில் மனதுக்கு ஆறுதலான விஷயம்.

வண்டியின் முன் ஆக்சில் வளைந்துவிட்டது, தள்ளினாலும் நகரவில்லை. சாலையை மறித்து நிற்கிறதே என்று ரோந்து போலீஸ் அவசரப்படுத்தினார்கள். அவர்கள் அவசரப்படுத்தியதில் தவறில்லை, இருட்டில் பின்னால் லாரி வந்து மோதினால் இன்னும் உயிர் போகும். அந்த நேரம் பார்த்துத்தான் ரெக்கவரி வண்டி வந்தது. முன் கண்ணாடியில் 'போலீஸ் டோயிங்' என்று ஸ்டிக்கர், ஆளின் கழுத்தில் ஒரு அட்டை. "ஸ்டேஷன்ல சொல்லித்தான் வந்தேன் தம்பி, சாவியைக் குடு, இதுல ஒரு கையெழுத்து போடு" என்றார். கையெழுத்து வாங்கியது வெற்றுத் தாளில். தம்பி வாக்குமூலம் கொடுக்க போலீஸ் ஜீப்பில் கிளம்ப வேண்டியிருந்தது. வண்டி ஸ்டேஷனுக்கு வரும் என்றுதான் அவன் நினைத்தான். அது போய்ச் சேர்ந்த இடம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்த ஆளின் தகர ஷெட்.

அன்று இரவே எனக்கு போன் வந்தது. "அக்கா, வண்டிக்கு பர்மிட் இல்ல, தம்பி லைசன்ஸ்ல பேட்ஜ் இல்ல. இது பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டா வண்டி சீஸ்தான், இன்சூரன்ஸ்காரன் ஒத்தப் பைசா தர மாட்டான். நான் பார்த்து முடிச்சுத் தரேன்" என்றார். இழுத்து வந்த கூலி 9,000, ஸ்டேஷன், பிரேக் இன்ஸ்பெக்டர், கோர்ட் மூன்றுக்கும் சேர்த்து 12,000. ஷெட் வாடகை நாளுக்கு 500 என்று தனியாக ஓடும் என்றார்.

லோடு உள்ளே இருந்தது. வேறு வண்டி கொண்டுவந்து பெட்டிகளை மாற்றிக்கொள்கிறோம் என்று கெஞ்சினோம். பணம் வந்தால்தான் கேட் திறக்கும் என்றார். தக்காளி யாருக்காகவும் காத்திருக்காது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டில் இருந்து கிளம்பும் எந்த வண்டியைப் பிடித்தாலும் உள்ளே அழுகும் சரக்குதான் இருக்கும். ஜிபேயில் 21,000 அனுப்பினோம். கேட் திறந்தது மறுநாள் மதியம். அடிப் பெட்டிகளில் சாறு வடிந்துகொண்டிருந்தது. சேலம் வியாபாரி லோடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகும் வண்டி வெளியே வரவில்லை. "பேப்பர் மூவ் ஆகுது" என்பதே பதில். பிறகு போனையும் எடுக்கவில்லை.

அவர் எங்களைப் பயமுறுத்திய இரண்டு விஷயங்களும் பொய். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தைக் காட்டித்தான் எல்லோரிடமும் பணம் பிடுங்குகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 66-ன்படி மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டே தேவையில்லை. குட்டி யானை அந்த எடைக்குள்தான் வருகிறது. பேட்ஜ், அதாவது வாடகை, சரக்கு வண்டி ஓட்ட லைசன்ஸில் வாங்கும் தனி அனுமதி விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம். அந்தக் காரணத்தைச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் கைகழுவ முடியாது. வழக்கையும் பெரிய பூதமாகக் காட்டினார். தம்பி மேல் போட்டது பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) பிரிவு 281, 125(பி) – கவனக்குறைவாக ஓட்டியது, பலத்த காயம் ஏற்படுத்தியது. இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட்டார்கள், அதற்கு யாரும் பணம் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணி சொல்லித்தான் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கிருந்து ஒரு பெண் வழக்கறிஞர் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். ஏட்டு ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க யாரையும் அனுப்பலைம்மா. வண்டியைப் பட்டறையில விட்டுக்கறோம்னு உங்க தம்பியே எழுதிக் கொடுத்திருக்காரே" என்று ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதே வெற்றுத் தாள். தம்பியின் கையெழுத்துக்கு மேலே, வண்டியைத் தன் சொந்தப் பொறுப்பில் இந்த ஷெட்டில் நிறுத்தக் கேட்டுக்கொள்வதாக வேறொருவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. எங்களிடம் ஸ்டேஷன் பெயரைச் சொல்லியிருக்கிறார், ஸ்டேஷனில் எங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏமாற்றியிருக்கிறார்.

ஸ்டேஷனில் யாரும் என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் வண்டி எங்கே நிற்கிறது என்று ஆர்.சி.யில் பெயர் உள்ள எனக்கு அவர்களாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய மகஜரில் வண்டி அங்கே கிடந்தது என்பது வரைதான் எழுதியிருந்தது. யார் எடுத்துப் போனார், எங்கே கொண்டுபோனார், வண்டியில் என்னென்ன இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வரி இருந்திருந்தால் இந்த ஷெட்காரருக்கு இடமே கிடைத்திருக்காது. இது போலீஸ் பக்கத்துக் குறைதான், எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது.

ஏட்டு ஒரு போன் போட்டதும் வண்டி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. பேட்டரி இல்லை, ஸ்டெப்னி இல்லை, ஜாக்கி, தார்ப்பாய், பாட்டுப் பெட்டி எதுவும் இல்லை. "வரும்போதே இல்ல" என்றார் ஷெட்காரர். நல்ல வேளை, இன்சூரன்ஸுக்காக விபத்து நடந்த இடத்திலேயே தம்பி எடுத்த போட்டோக்களில் ஒன்றில் ஸ்டெப்னி தெளிவாகத் தெரிந்தது. மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது பிரேக் இன்ஸ்பெக்டர், வந்து பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் சோதித்து எழுதிக்கொண்டு போனார். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., தம்பியின் லைசன்ஸ், என் ஆதார் எல்லாவற்றையும் காட்டி, கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்து வந்தோம். 12,000 ரூபாய்க்கு 'முடித்துத் தருவதாக' சொன்ன வேலை இவ்வளவுதான்.

அந்த வழக்கறிஞர் சொன்ன ஒரு பிரிவு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 136. விபத்தில் சிக்கிய வண்டியை ஆய்வுக்காக எடுத்துப் போனால், எங்கே கொண்டுபோகிறோம் என்பதை உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் உரிமையாளரிடமோ ஓட்டுநரிடமோ திருப்பித் தர வேண்டும். நம் ஊரில் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, பிடித்தால் வராது என்றே நாம் பழகிப்போய்விட்டோம். அந்தப் பழக்கம்தான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

போலீஸ் வண்டியை வழக்குச் சொத்தாக படிவம் 95-ல் கோர்ட்டுக்குக் காட்டிவிட்டால் மட்டும் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வேண்டும். அதற்கும் தரகர் வேண்டாம், வக்கீல் போதும். 2002-லேயே குஜராத் வழக்கு ஒன்றில், சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு என்பார்கள், வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது, போட்டோ எடுத்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்), பிரிவு 497 அதற்குக் காலக்கெடுவே வைத்துவிட்டது. பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் பட்டியல் தயாராக வேண்டும், போட்டோவோ வீடியோவோ எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளில் உத்தரவு வர வேண்டும்.

விபத்தே இல்லாமல் பிடிப்பது வேறு. லைசன்ஸ் இல்லை, பதிவு இல்லை, தேவைப்படும் வண்டிக்கு பர்மிட் இல்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 207-ல் வண்டியைப் பிடித்து வைக்கலாம். ஆவணங்களைக் காட்டி விடுவிக்கக் கோரலாம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நோ பார்க்கிங்கில் நிறுத்தினாலோ, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட்டாலோ, போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றாலோ பிரிவு 127-ல் இழுத்துப் போகலாம், இழுவைக் கூலி உரிமையாளர் தலையில்தான். ஆனால் அதற்கும் போலீஸ் அதிகாரியின் அனுமதி வேண்டும். நிறுத்தம் தொடர்பானது என்றால் அந்த எல்லைக்குரிய அதிகாரி, சீருடையில் இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் அனுமதி ஆகாது.

அதனால் ரெக்கவரி வண்டி வந்தால், "எந்த அதிகாரி அனுப்பினார்" என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரர் முன்னாலேயே கேளுங்கள். வண்டி எங்கே போகிறது, இழுவைக் கூலி எவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாவிட்டால் இன்சூரன்ஸிலும் இழுவைக் கூலி கிடைக்காது. வெற்றுத் தாளில் கையெழுத்து என்ற பேச்சே வேண்டாம். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள், பேட்டரிப் பெட்டி, ஸ்டெப்னி, கிலோமீட்டர் மீட்டர் எல்லாம் தெரிய. சுங்கச் சாலையில் நின்றால் முதலில் நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடியுங்கள். பழுதான வண்டியைச் சாலையிலிருந்து அகற்ற கிரேன், ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ் வைத்திருப்பது சுங்கம் வசூலிப்பவரின் பொறுப்பு. நாம் கட்டும் சுங்கத்தில் அதுவும் சேர்த்தி. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர்.-ஐ வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம், அதில் என்ன பிரிவு என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நான் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அது தெரிந்ததும் ஷெட்காரர் ஆள் அனுப்பினார், மனுவை வாபஸ் வாங்கினால் 5,000 திருப்பித் தருவதாக. முடியாது என்று சொல்லிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போடவும் காகிதங்கள் தயாராகின்றன. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்றால் வணிக நோக்கம் என்று தள்ள மாட்டார்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டால் போதும். அதனால் இதே மாதிரி ஷெட்டில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஜிபே ரசீதை, அந்த ஆள் பேசிய வாட்ஸ்அப் ஆடியோவை அழிக்காமல் வைத்திருங்கள், அவற்றோடு ஒரு மனுவும் கொடுங்கள்.