டிஸ்கார்டா, இஷ்யூ பக்கமா? டர்பனிலிருந்து ஒரு நேரலைக் கருவியை நடத்திப் பார்த்த அனுபவம்

நேரலைக்காக நான் எழுதிய சின்னக் கருவி ஒன்று சில வருடமாகத் திறந்த மூலமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தித் திருத்தலாம் என்ற முறையில், வெளியில் இருக்கிறது. கேமரா படத்தை எஃப்எஃப்எம்பெக் (வீடியோவை மாற்றி அனுப்பும் மென்பொருள்) வழியாக ஆர்டிஎம்பி (நேரலையை அனுப்பும் முறை) சர்வருக்குத் தள்ளும், அறுந்தால் திரும்ப இணைக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் தைப்பூசக் காவடியை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று தொடங்கியது. பிறகு முன்பின் தெரியாத ஊர்க்காரர்களும் இறக்கிப் பயன்படுத்தினார்கள், கேள்விகளும் வந்தன. உதவிக்கு முதலில் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு சர்வர், அதாவது குழு, திறந்தேன். ஒன்றரை வருடம் கழித்து அதை மூடிவிட்டு நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் இஷ்யூ பக்கத்துக்கு, ஒவ்வொரு கோளாறும் தனி எண்ணோடு தனிப் பதிவாகும் இடத்துக்கு, மாறினேன். ஓய்வு நேரத்தில் தனி ஆளாகப் பராமரிப்பவருக்கு இஷ்யூ பக்கம்தான் சரி என்பது என் கட்சி.

டிஸ்கார்டின் நல்ல குணங்கள் தெரிந்தவைதான்: உடனே பதில், நெருக்கம், பயனர்களே ஒருவருக்கொருவர் கைகொடுப்பது. செலவும் இரண்டிலும் இல்லை.

என்னை மாற்றியது ஒரே விஷயம். ஒரு முறை சொன்ன பதில் அடுத்து வருகிறவருக்குக் கிடைக்கிறதா?

2023-ல் இங்கே லோட் ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, உச்சத்தில் இருந்தது. ஸ்டேஜ் 6 என்றால் ஒரே நாளில் பல தடவை, தடவைக்கு 2 மணி நேரத்துக்குக் குறையாமல் கரண்ட் இருக்காது. கோயிலில் கேமராவும் லேப்டாப்பும் இன்வெர்ட்டரில் ஓடும். ஃபைபர் பெட்டி அணைந்துவிடும். கரண்ட் திரும்பினாலும் நேரலை திரும்பவில்லை. ஆர்டிஎம்பி ஓடுவது டிசிபி என்ற இணைய இணைப்பு முறையின் மேல். நடுவில் பாதை சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தால் இந்த முனைக்கு அது உடனே தெரியாது. தொடர்பு உயிரோடுதான் இருக்கிறது என்று பல நிமிடம் காத்துக்கொண்டே இருக்கும். காலக்கெடு ஒன்று வைத்ததும் சரியானது. நாலே வரித் திருத்தம்.

அந்த நாலு வரிக்கான விளக்கத்தை டிஸ்கார்டில் 11 முறை தட்டினேன். அங்கே எழுதுவது கூகுளில் வராது. உள்ளேயே தேடலாம்தான், ஆனால் ஒருவர் ‘ஃப்ரீஸ்’ என்பார், இன்னொருவர் ‘ஹேங்’ என்பார், மூன்றாமவர் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போடுவார். ஒவ்வொருவரிடமும் ‘எந்த வெர்ஷன்?’ என்பதில் தொடங்க வேண்டும். அவர் பதில் சொல்வதற்குள் எங்கள் பக்கம் கரண்ட் போயிருக்கும். திரும்பி வந்து பார்த்தால் கேள்வி எழுபது மெசேஜுக்கு அடியில் கிடக்கும்.

இஷ்யூ பக்கத்தில் படிவம் வைத்தேன்: வெர்ஷன், இயங்குதளம், லாக் (கருவி தானே எழுதிவைக்கும் இயக்கப் பதிவு). நிரப்பாமல் அனுப்ப முடியாது. நான் எப்போது பார்த்தாலும் கேள்வி அதே இடத்தில் இருக்கும். திருத்தத்தின் குறிப்பில் ‘ஃபிக்சஸ்’ என்று எழுதி இஷ்யூ எண்ணைச் சேர்த்தால், அது நிரலின் முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். அதே எண்ணை ரிலீஸ் குறிப்பிலும் போடுகிறேன். ஆறு மாதம் கழித்துத் தேடி வருகிறவருக்கு என்ன கோளாறு, ஏன் வந்தது, எந்த ரிலீஸில் தீர்ந்தது என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். ரிலீஸ் வேலையும் உதவி வேலையும் எனக்கு ஒன்றாகிப் போனது இதனால்தான்.

கோயில் கமிட்டி மாமா கிட்ஹப்பில் கணக்குத் திறக்க மாட்டார், திறக்கச் சொல்லவும் கூடாது. காவடியன்று போன்தான் வரும்.

“தம்பி, கரண்ட் வந்திருச்சு, படம் வரலையே.”

“மாமா, மேலே ஓரத்தில ஒரு தேதி இருக்கும், படிங்க.”

வீடியோ இறக்கும் ஒய்டி-டிஎல்பி கருவி போல வெர்ஷன் எண்ணையே தேதியாக வைத்தது இதற்காகத்தான். அவர் படித்ததுமே பழசா புதுசா என்று தெரிந்துவிடும். இரவு வீட்டுக்கு வந்து அவர் சார்பில் நானே இஷ்யூ பதிவேன்.

பொதுப் பக்கத்தில் ஒரு ஆபத்து உண்டு. லாக்கை அப்படியே ஒட்டுகிறவர்கள் நேரலை அனுப்புவதற்கான ரகசியச் சொல்லான ஸ்ட்ரீம் கீயையும் சேர்த்து ஒட்டிவிடுவார்கள், ஆர்டிஎம்பி முகவரியின் வாலிலேயே அது இருக்கும். பதிவைத் திருத்தினாலும் பழைய வடிவம் திருத்த வரலாற்றில் நிற்கும். அதையும் நீக்கி, கீயையும் உடனே மாற்றச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை இப்படி ஆனபின், லாக் எழுதும்போதே கீயை மறைக்கும்படி கருவியைத் திருத்தினேன்.

என் பயனர்கள் சில நூறு பேர்தான். ஐந்தாறு பராமரிப்பாளர்கள் முறைபோட்டு உட்காரும் பெரிய திட்டத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். டிஸ்கார்டின் ஃபோரம் சேனலையும் இரண்டு வாரம்தான் ஓட்டினேன். தலைப்புவாரியாகப் பிரிந்தது நன்றாகவே இருந்தது.

மாறியதில் ஒரு இழப்பும் உண்டு. டிஸ்கார்டில் யாராவது தங்கள் வீட்டுக் கல்யாண நேரலையின் படத்தைப் போட்டு நன்றி சொல்வார்கள். இஷ்யூ பக்கத்துக்கு யாரும் அதற்கு வருவதில்லை.

சர்வரை மூடுவதற்கு முன், அந்த 11 பதில்களில் தெளிவாக இருந்த ஒன்றை எடுத்து இஷ்யூ பக்கத்தின் உச்சியில் பின் செய்து வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி இரண்டே தடவைதான் வந்தது. இரண்டு தடவையும் சுட்டியை மட்டும் அனுப்பினேன்.