ஆந்தையா, பிபிசியா, ஏஐயா? போனில் இங்கிலீஷ் பழக எது உதவும்

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷே தெரியாது என்று சொல்வது அநியாயம். 12 வருஷம் பாடமாகப் படித்தவர்கள். ஒரு பத்தியைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டியாவது அர்த்தம் சொல்லிவிடுவார்கள். வாயைத் திறக்கச் சொன்னால்தான் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் "எந்த ஆப் நல்லது சார்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அரை மணி நேரம் போனோடு உட்கார்ந்தாயே, அதில் உன் வாய் எத்தனை நிமிஷம் அசைந்தது?

இந்தக் கணக்கில் யூடியூபின் "30 நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்" வகையறா முதல் சுற்றிலேயே அவுட். தமிழில் விளக்குவதால் ஹேஸ், ஹேவ், ஹேட் குழப்பம் தீரும், வாஸ்தவம். ஆனால் பேசுவதெல்லாம் வீடியோவில் வரும் வாத்தியார். நாம் தலையாட்டுவதோடு சரி.

டுவோலிங்கோ ஆப்பின் பச்சை ஆந்தை வேறு ரகம். ஸ்ட்ரீக், அதாவது விடாமல் படித்த நாள் கணக்கு, அறுந்துவிடுமே என்ற பயத்தில் இரவு 11.50க்காவது ஆப்பைத் திறக்க வைத்துவிடும். தினமும் படிக்கும் பழக்கமே இல்லாதவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் பெரும்பாலும் சிதறிக் கிடக்கும் வார்த்தைகளைத் தட்டி வரிசைப்படுத்தும் வேலைதான். கண்ணெதிரே வார்த்தை இருந்தால் யாருக்கும் வாக்கியம் வரும். இண்டர்வியூவில் அப்படி யார் எடுத்துக் கொடுக்கப் போகிறார்கள்?

என் ஓட்டு பிபிசியின் "சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்" பக்கம். இரண்டு பேர் ஒரு விஷயத்தைப் பேசுவார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி போடுவார்கள், கடைசியில் புதுச் சொற்களைத் திரும்பச் சொல்வார்கள். காசு கிடையாது. வெறும் ஆடியோ என்பதால் டேட்டாவும் அதிகம் தின்னாது. முழு எழுத்து வடிவமும் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். முதலில் சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். மூன்றாம் முறை ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு சத்தமாகச் சொல்லுங்கள். ஆறு நிமிஷ நிகழ்ச்சி அரை மணி நேரம் இழுக்கும். அதில் பாதி உங்கள் குரல்.

இதில் ஒரே ஓட்டை, நீங்கள் தப்பாகச் சொன்னால் பிபிசிக்குத் தெரியாது. அதற்குப் போனிலேயே ஒரு இலவச வாத்தியார் இருக்கிறார்: கீபோர்டின் மைக். மொழியை இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டு "ஃபேன்" என்று சொல்லிப் பாருங்கள். "pan" என்று விழுந்தால் உதடு ஒட்டிவிட்டது என்று அர்த்தம். நம் எழுத்தில் ஒரே ‘ப’தான் என்பதால் "பேர்" என்று நாம் எழுதும் கரடியும் (bear) பேரிக்காயும் (pear) கூடக் குழம்பும். தனிச் சொல்லாகச் சொல்லிச் சோதியுங்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் இடம் பார்த்து அதுவே திருத்திப் போட்டுவிடும்.

சாட்ஜிபிடி மாதிரியான ஏஐயோடு குரலில் பேசுவதிலும் இதே கோளாறு. எவ்வளவு தப்பாகப் பேசினாலும் புரிந்துகொண்டு "அருமை" என்று தட்டிக்கொடுக்கும். "ஒவ்வொரு பிழைக்கும் என்னை நிறுத்தித் திருத்து" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் நல்ல துணை, சிரிக்காது, சலிக்காது. பிபிசியில் ஒரு மாதம் வாய் பழகிய பிறகு இதற்கு வரலாம்.

ஹாஸ்டலில் சத்தமாகப் படித்தால் கிண்டல் செய்கிறார்களா? மொட்டை மாடிக்குப் போய், போனைக் காதில் வைத்துக்கொண்டே பேசுங்கள். யாரோ லைனில் இருக்கிறார்கள் என்று நினைத்து விலகிப் போய்விடுவார்கள்.